ஐயமும் அச்சமும்: யோக தத்துவ நூல்கள் காட்டும் இரு வேறு வழிகள்

தன் ஆற்றலின் மீது ஒருவருக்கு எழும் ஐயத்தையும், வரப்போவதை எண்ணி நடுங்கும் அச்சத்தையும் ஒரே நோயின் இரு பெயர்களாகக் கொண்டு, இரண்டுக்கும் யோகம் ஒரே மருந்தைத் தருகிறது என்று கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. யோக வகுப்புகளின் அறிவிப்புகளிலும் தன்னம்பிக்கை நூல்களிலும் பரவலாகக் காணப்படும் இக்கருத்துக்கு மூல நூல்களில் ஆதாரம் குறைவு. பதஞ்சலியின் யோக சூத்திரம் ஐயத்தை ஓரிடத்திலும் அச்சத்தின் வேரை வேறோரிடத்திலும் வைக்கிறது. முன்னதைப் பயிற்சியாளரின் பாதையில் குறுக்கிடும் தடை என்றும், பின்னதை எல்லா உயிர்களிலும் உறைந்திருக்கும் துன்பக் காரணம் என்றும் அது பிரித்துப் பேசுகிறது. இப்பிரிவினையைக் கவனியாமல் விட்டால், பயிற்சியால் எளிதில் தீரக்கூடிய தயக்கத்துக்குப் பெரிய தத்துவ விசாரணையையும், ஆழ்ந்த விசாரணையை வேண்டும் அச்சத்துக்கு வெறும் ஊக்கமொழியையும் பரிந்துரைக்கும் நிலை ஏற்படுகிறது. இரண்டிலும் பயன் கிட்டாதவர் இறுதியில் தம்மையே மேலும் ஐயுறுகிறார்.

யோக சூத்திரம் நான்கு பாதங்களில் 195 சூத்திரங்களைக் கொண்டது. சில பதிப்புகள் 196 என எண்ணும். அதன் காலத்தைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை எனினும், கி.பி. 325-க்கும் 425-க்கும் இடைப்பட்ட காலத்தில் அது உருப்பெற்றிருக்க வேண்டும் என்னும் பிலிப் மாஸின் கணிப்பு அண்மை ஆய்வுகளில் செல்வாக்குப் பெற்றுள்ளது. வியாசர் பெயரால் வழங்கும் உரையும் சூத்திரங்களும் ஒரே ஆசிரியரின் கையிலிருந்து வந்தவை என்பதும் அவருடைய துணிபு. அக்கருத்தை ஏற்றாலும் மறுத்தாலும், வியாச உரையின் துணையின்றிச் சூத்திரங்களை மட்டும் வைத்து ஐயத்தையும் அச்சத்தையும் பற்றிய யோகத்தின் நிலைப்பாட்டை விளக்குவது கடினம். சூத்திரம் பெயரிட்டுச் செல்லும் இடங்களில் உரையே காரணத்தைக் காட்டுகிறது.

தடையாக நிற்கும் ஐயம்

முதற் பாதத்தின் 30-ஆம் சூத்திரம், சித்தம் என்னும் மனக்கருவியைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளை வரிசைப்படுத்துகிறது. நோய், மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலன் நுகர்ச்சியில் விடாத நாட்டம், பிறழ்ந்த காட்சி, அடுத்த படிநிலையை எய்தாமை, எய்திய நிலையில் நிற்க இயலாமை என்பவை அவை. ஐயத்தை இந்நூல் சம்சயம் என்று அழைக்கிறது. ஒரு பொருள் இப்படியும் இருக்கலாம், அப்படி இல்லாமலும் இருக்கலாம் என இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு எதிலும் ஊன்றாமல் நிற்கும் அறிவே சம்சயம் என்பது உரையின் விளக்கம். இப்பட்டியலில் ஐயத்துக்கு முன்னும் பின்னும் நிற்பவற்றை நோக்கும்போது, அதை ஒழுக்கக் குறையாகவோ இழிவாகவோ பதஞ்சலி கருதவில்லை என்பது விளங்கும். உடல் நோயும் சோம்பலும் எந்த வரிசையில் உள்ளனவோ அதே வரிசையில்தான் ஐயமும் உள்ளது. அது வருவதும் நீங்குவதும் இயல்பு.

அடுத்த சூத்திரம் இத்தடைகளோடு சேர்ந்து வருபவற்றைக் கூறுகிறது: துன்பம், விருப்பம் தடைபட்டதால் எழும் மனக்கலக்கம், உறுப்புகளின் நடுக்கம், கட்டுப்பாடின்றி ஓடும் மூச்சு. மனத்தின் தடையைப் பேசத் தொடங்கிய நூல் இரண்டே சூத்திரங்களுக்குள் கை கால் நடுக்கத்துக்கும் மூச்சுக்கும் வந்துசேர்வது கருதத்தக்கது. பகவத்கீதையின் முதல் அத்தியாயத்தில் இரு படைகளுக்கும் நடுவே நின்ற அருச்சுனனின் உடல் நடுங்கியது, வாய் உலர்ந்தது, மயிர் சிலிர்த்தது, காண்டீவம் கையிலிருந்து நழுவியது என்று வரும் விவரிப்பும் இதே அறிகுறிகளைத்தான் காட்டுகிறது. மனமும் உடலும் இங்கு இரு வேறு களங்களாக எண்ணப்படவில்லை. ஆகவே தீர்வும் இரு வாயில்களின் வழியாகத் தேடப்படுகிறது.

உடல் வாயிலாக வரும் தீர்வு முதற் பாதத்தின் 34-ஆம் சூத்திரத்தில் உள்ளது. மூச்சை வெளியேற்றி நிறுத்துவதாலும் மனம் தெளிவடையும் என்று கூறும் அச்சூத்திரம், உள்ளிழுப்பதைப் பற்றிப் பேசாமல் வெளிமூச்சையே முன்வைக்கிறது. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது என்பதை இன்றைய உடலியல் விளக்கும். பண்டைய நூலாசிரியர் அந்த நரம்பை அறிந்திருக்க வேண்டியதில்லை, பயிற்சியில் கண்டதையே எழுதியிருக்க வேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, மூச்சு அசையும்போது மனமும் அசையும், மூச்சு நிலைக்கும்போது மனமும் நிலைக்கும் என்னும் கருத்தைத் தன் பிராணாயாமப் பகுதியின் தொடக்கத்திலேயே வைக்கிறது. தமிழில் திருமூலரின் திருமந்திரம் தன் மூன்றாம் தந்திரத்தை எண்வகை யோக உறுப்புகளுக்கு ஒதுக்கி, மூச்சின் ஒழுங்கை விரிவாகப் பேசுகிறது. நடுக்கம் மிகுந்த வேளையில் தத்துவம் பயன் தராது, மூச்சே முதலில் அடங்க வேண்டும் என்பதில் இம்மரபுகளிடையே வேறுபாடு இல்லை.

மன வாயிலாக வரும் தீர்வு இதைவிட நுட்பமானது. இன்றைய யோக நூல்கள் அதைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகின்றன. முதற் பாதத்தின் 35-ஆம் சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையில் ஓர் அரிய ஒப்புதல் காணப்படுகிறது. சாத்திரத்தாலும் அனுமானத்தாலும் ஆசிரியரின் உபதேசத்தாலும் அறியப்படுபவை உண்மையாகவே இருப்பினும், அவற்றில் ஏதேனும் ஒரு பகுதியையாவது ஒருவர் தம் சொந்தப் புலனால் நேரில் உணராத வரை, எல்லாமே அவருக்குத் தொலைவில் இருப்பவைபோலத் தோன்றும். விடுதலையைப் போன்ற நுண்ணிய பொருள்களில் உறுதியான அறிவு பிறக்காது. ஆகையால் முதலில் ஏதேனும் ஒரு சிறு கூறு நேரடி அனுபவமாக வேண்டும், அந்த ஒன்று கைகூடினால் மற்றவற்றின் மீதான ஐயமும் கழன்றுவிடும், அதன் பின் சிரத்தையும் முயற்சியும் நினைவும் தாமே தொடரும் என்று உரை விளக்குகிறது. அதற்காகவே மூக்கு நுனி, நாக்கு நுனி போன்ற இடங்களில் மனத்தை நிறுத்தும் எளிய பயிற்சிகள் சொல்லப்படுகின்றன. நம்பு என்று கட்டளையிடாமல், ஐயமுற்றவர் ஐயத்தோடேயே தொடங்கலாம் என்று இடமளிக்கும் இப்பகுதி, யோக இலக்கியத்தில் மிகுந்த மனிதத்தன்மை கொண்ட பகுதிகளுள் ஒன்று. ஒரு படிநிலையை அடைந்த பின்னரே அடுத்தது எது என்பது தெரியும், யோகமே யோகத்துக்கு ஆசிரியர் என்று மூன்றாம் பாதத்தின் உரை கூறுவதும் இதன் தொடர்ச்சியே.

இங்குச் சிரத்தை என்பது கேள்வியின்றி ஏற்கும் நம்பிக்கை அன்று. மனம் கலங்காமல் தெளிந்து நிற்கும் நிலையையே உரை அச்சொல்லால் குறிக்கிறது. முதற் பாதத்தின் 20-ஆம் சூத்திரம் சிரத்தை, ஊக்கம், நினைவு, மன ஒருமை, மெய்யறிவு என ஐந்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் சங்கிலியாகக் கோக்கிறது. 14-ஆம் சூத்திரம் பயிற்சி வேரூன்ற மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது: நெடுங்காலம், இடைவிடாமை, மதிப்போடு செய்தல். 1977-இல் ஆல்பர்ட் பண்டூரா முன்வைத்த செயலாற்றல் நம்பிக்கைக் கோட்பாடும், ஒருவர் தம் திறமையை நம்புவதற்கு வலிமையான மூலம் பிறர் சொல்லும் ஊக்கமொழி அன்று, தாமே செய்து முடித்த அனுபவம்தான் என்றே கூறுகிறது. காலத்தாலும் நோக்கத்தாலும் மிக விலகி நிற்கும் இரு மரபுகள் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன.

ஐயம் எல்லா இடத்திலும் விலக்கப்பட வேண்டியதா என்னும் கேள்வியும் இங்கு எழும். இந்தியத் தத்துவ மரபு அவ்வாறு கருதவில்லை. நியாய தரிசனம் எண்ணும் பதினாறு பொருள்களில் பிரமாணம், பிரமேயம் ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக நிற்பது சம்சயமே; ஐயம் எழாத பொருளில் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்பது அம்மரபின் அடிப்படை. மீமாஞ்சையினர் ஒவ்வொரு தலைப்பையும் எடுத்துரைக்கும் முறையிலும் ஐயத்துக்கு ஓர் உறுப்பு உண்டு. ஆகவே கேட்டுத் தெளிவதற்காக எழும் ஐயம் வேறு, செயலை நிறுத்திவிட்டுத் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும் ஐயம் வேறு. யோக சூத்திரம் தடை என்று சொல்வது பின்னதையே.

கீதையை இந்த வேறுபாட்டோடு படித்தால் ஒரு முரண்பாடு தீர்கிறது. நான்காம் அத்தியாயத்தின் இறுதியில், அறிவும் சிரத்தையும் இன்றி ஐயத்தையே இயல்பாகக் கொண்டவர் அழிவார் என்று கண்ணன் கடுமையாகச் சொல்கிறான். அறியாமையிலிருந்து பிறந்து நெஞ்சில் தங்கியிருக்கும் ஐயத்தை அறிவென்னும் வாளால் வெட்டி எழுந்து நிற்குமாறு ஏவுகிறான். ஆனால் அடுத்த அத்தியாயத்தின் முதல் செய்யுளிலேயே அருச்சுனன் மீண்டும் ஐயத்தோடு கேட்கிறான். ஆறாம் அத்தியாயத்தில் மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் அரிது என்கிறான். சிரத்தை இருந்தும் முயற்சி போதாமல் யோகத்திலிருந்து வழுவியவர் இம்மையும் மறுமையும் இழந்து போவாரோ என்று அஞ்சி, இந்த ஐயத்தைத் தீர்க்க வல்லவர் வேறு யாருமில்லை என்று மன்றாடுகிறான். இக்கேள்விகளுக்காக ஒரு முறைகூடக் கண்ணன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மனம் அடங்காதது என்பதை ஒப்புக்கொண்டு, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது வசப்படும் என்கிறான். நன்மை செய்பவர் எவரும் கெடுவதில்லை, விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்வார் என்று உறுதி தருகிறான். தோல்வியடைந்து விடுவோமோ என்னும் கவலைக்கு இந்திய இலக்கியத்தில் கிடைக்கும் மிகப் பரிவான விடைகளுள் இது ஒன்று. பதினெட்டாம் அத்தியாயத்தில் தன் உபதேசம் முழுவதையும் ஆராய்ந்து பார்த்து விரும்பியபடி செய்யுமாறு அருச்சுனனிடமே முடிவை விட்ட பின்னர்தான், ஐயம் நீங்கியது என்று அவன் அறிவிக்கிறான்.

செய்து பார்த்தும் தீராத ஐயம்

மேற்கூறியவை அனைத்தும், செய்து பார்த்தால் தீரும் ஐயத்துக்கே பொருந்தும். செய்து முடித்த பின்னும், பலமுறை வென்ற பின்னும், பிறர் மெச்சிய பின்னும் நீங்காத ஐயம் ஒன்று உண்டு. 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள், கல்வியிலும் தொழிலிலும் உயர்ந்த தகுதி பெற்றிருந்தும் தாம் உண்மையில் அறிவுடையவர் அல்லர், பிறரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று உள்ளூர நம்பிய பெண்களைப் பற்றி எழுதினர். போலி மனநிலை என்று பின்னர் பரவலாகப் பேசப்பட்டது இதுவே. இங்குச் சான்றுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வெற்றியும் தற்செயலின் கணக்கிலும் ஒவ்வொரு தவறும் தன் கணக்கிலும் எழுதப்படுவதால், புதிய சான்று எதுவும் பழைய தீர்ப்பை மாற்றுவதில்லை. பண்டூரா கூறும் வழியும் வியாசர் கூறும் நேரடி அனுபவமும் இந்த எல்லையில் நின்றுவிடுகின்றன.

இத்தகைய ஐயத்துக்கு யோக நூலில் விளக்கம் தேட வேண்டிய இடம் தடைகளின் பட்டியல் அன்று, இரண்டாம் பாதத்தில் வரும் கிலேசங்களின் பட்டியலே. கிலேசம் என்பது மனத்தை உள்ளிருந்து வருத்தும் மூலக் காரணம். அறியாமை, அஸ்மிதை, விருப்பு, வெறுப்பு, அபிநிவேசம் என ஐந்து கிலேசங்களைக் கூறும் பதஞ்சலி, அறியாமையை மற்ற நான்கும் விளையும் நிலமாக வைக்கிறார். அஸ்மிதை என்பது காண்பவனாகிய உணர்வையும் காணும் கருவியாகிய புத்தியையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம். புத்தியில் எழும் ஒவ்வோர் அலையையும், அது வெற்றியாயினும் தோல்வியாயினும் புகழாயினும் பழியாயினும், தன் உருவமாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் இதிலிருந்து பிறக்கிறது. தான் தகுதியற்றவர் என்னும் எண்ணமும், தான் ஒப்பற்றவர் என்னும் எண்ணமும் இந்நோக்கில் ஒரே மயக்கத்தின் இரு நிறங்கள். தாழ்ந்த தன்மதிப்பை நீக்கி உயர்ந்த தன்மதிப்பை அவ்விடத்தில் வைப்பது யோகத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்பதும் இதிலிருந்தே பெறப்படும். தன்னைப் பற்றிய தீர்ப்பை மாற்றி எழுதுவதை விட்டுவிட்டு, தீர்ப்புக்கு உள்ளாகும் அந்த உருவம் உண்மையில் தானா என்று ஆராயச் சொல்கிறது யோகம். இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சுக்கும் யோக தத்துவத்துக்கும் இடையிலுள்ள ஆழமான பிளவு இது. இதை மூடி மறைத்து இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டுக்குமே நீதி செய்வதாகாது.

அச்சத்தின் வேர்

கிலேசங்களில் கடைசியான அபிநிவேசமே அச்சத்தைப் பற்றிய யோகக் கொள்கையின் மையம். இருக்க வேண்டும், இல்லாமற் போய்விடக் கூடாது என்னும் இடையறாத பற்றுதலை அது குறிக்கிறது. தன் சொந்த வேகத்தாலேயே ஓடுவது, கற்றறிந்தவரிடமும் அதேபோல் வேரூன்றியிருப்பது என்பவை அதற்குச் சூத்திரம் தரும் இரு அடையாளங்கள். அப்போதுதான் பிறந்த புழுவிடமும் சாவின் அச்சம் காணப்படுவதை எடுத்துக்காட்டி, இப்பிறவியில் எந்தப் பிரமாணத்தாலும் அறியப்படாத சாவை அது அஞ்சுவதால் முன்பிறவி அனுபவம் ஊகிக்கப்படும் என்று வியாசர் வாதிடுகிறார். மறுபிறவியை ஏற்காத வாசகர் இந்த அனுமானத்தை ஒதுக்கலாம். ஆனால் அதன் அடியிலுள்ள கூர்நோக்கு, அதாவது அச்சம் தனிமனிதரின் சிந்தனைக்கு முன்பே அங்கு இருக்கிறது என்பது, எந்தக் கொள்கையினருக்கும் ஏற்புடையதே. கற்றவரிடமும் அச்சம் உண்டு என்று நூலே ஒப்புக்கொள்வதால், அஞ்சுகிறோமே என்று வெட்கப்படுவதற்கு யோக மரபில் இடமில்லை. அச்சத்தின் மேல் வெட்கத்தையும் ஏற்றிக்கொண்டு இரட்டைச் சுமை சுமப்பவர்களுக்கு இந்த ஒரு சூத்திரமே போதிய ஆறுதல்.

ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை இதே கிலேசத்தை அந்ததாமிஸ்ரம், அதாவது கண்ணைக் குருடாக்கும் இருள், என்னும் பெயரால் அழைத்து, அதைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கிறது. அணிமா முதலான எட்டுச் சித்திகளையும் பத்துவகைப் புலன் பொருள்களையும் பெற்ற தேவர்கள், அவற்றை அசுரர் பறித்துவிடுவரோ என்று நடுங்குவதே அந்தப் பதினெட்டு என்பது வாசஸ்பதி மிசிரரின் உரை விளக்கம். பெற்றவை மிகுந்தால் அச்சம் குறையும் என்னும் பொது எண்ணத்துக்கு நேர் எதிரான கருத்து இது.

கிலேசங்கள் உறங்கியும், மெலிந்தும், இடையறுபட்டும், முழுவீச்சிலும் நான்கு நிலைகளில் இருக்கக்கூடும் என்றும், பருநிலையில் உள்ளவற்றைத் தியானத்தாலும் நுண்ணிலையில் உள்ளவற்றைச் சித்தம் தன் மூலத்தில் ஒடுங்குவதாலும் மட்டுமே அகற்ற முடியும் என்றும் பதஞ்சலி பிரிக்கிறார். துணியில் படிந்த பெரிய அழுக்கை உதறியும் நுண்ணிய அழுக்கை முயன்று வெளுத்தும் நீக்குவதை வியாசர் இதற்கு உவமையாக்குகிறார். மேடையில் பேச அஞ்சுவது, தேர்வை அஞ்சுவது போன்ற பருநிலை அச்சங்களைப் பயிற்சி கரைக்கலாம்; சாவின் அச்சத்தைப் பத்து நாள் முகாமில் வேரறுத்துவிடலாம் என்று எவரும் உறுதியளித்தால், அது பதஞ்சலியின் பெயரால் சொல்லப்படும் பொய்.

இரண்டாம் பாதத்தின் 33-ஆம் சூத்திரம் கூறும் எதிர்நிலை எண்ணம், அதாவது பிரதிபக்ஷ பாவனை, அச்சத்துக்கு மருந்தாக இன்று பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. தீய எண்ணம் வரும்போது நல்ல எண்ணத்தை நினை என்று அதைச் சுருக்கிவிடுவது வழக்கம். மூலத்தில் அது கொல்லாமை, வாய்மை முதலிய நெறிகளை மீறத் தூண்டும் எண்ணங்களுக்கு எதிராகவே சொல்லப்பட்டது. அந்த எண்ணங்களின் விளைவு முடிவில்லாத துன்பமும் அறியாமையும் என்று ஆராய்வதே அதன் முறை. எல்லா உயிர்களுக்கும் அஞ்சாமையை அளித்துத்தான் யோக நெறியில் புகலடைந்தோம் என்பதை நினைவுகொள்ளுமாறு வியாசர் இவ்விடத்தில் பயிற்சியாளரை ஏவுகிறார். தன் அச்சத்தைப் பற்றி மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் இன்றைய வாசகர் தவறவிடும் முக்கியமான திருப்பம் இது: அச்சம் அடைவதும் பிறர்க்கு அச்சம் விளைவிப்பதும் ஒரே நூலின் இரு முனைகள். எவரால் உலகம் கலங்குவதில்லையோ, உலகால் எவர் கலங்குவதில்லையோ அவரே தனக்கு இனியவர் என்று கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் கூறுவதும், பதினாறாம் அத்தியாயம் தெய்வ இயல்புகளின் பட்டியலை அஞ்சாமையிலிருந்து தொடங்குவதும் இக்கருத்தோடு சேர்த்து எண்ணத்தக்கவை. வீட்டிலும் அலுவலகத்திலும் பிறரை மிரட்டி ஆள்பவர் அமர்ந்து செய்யும் தியானம் அவருடைய அச்சத்தைத் தீர்க்காது என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

அஞ்சாமை என்பது எச்சரிக்கையின்மை அன்று. அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் கூறுகிறார். இன்னும் வராத துன்பமே தவிர்க்கத்தக்கது என்னும் யோக சூத்திரமும் முன்னறிந்து விலகுவதற்கு இடமளிக்கிறது.

இரண்டாவது ஒன்று இல்லாத இடம்

உபநிடதங்கள் அச்சத்துக்குத் தரும் விடை பதஞ்சலியின் விடையிலிருந்து வேறுபட்டது. பிருகதாரண்யக உபநிடதத்தின் படைப்புக் கதையில், தொடக்கத்தில் தனித்திருந்த ஆதி உயிர் அஞ்சியது. தன்னையன்றி வேறொன்று இல்லாதபோது எதை அஞ்சுவது என்று எண்ணியதும் அச்சம் அகன்றது. இரண்டாவது ஒன்று இருந்தால்தான் அச்சம் உண்டாகும் என்று அக்கதை முடிகிறது. உண்மைப் பொருளுக்கும் தனக்கும் இடையே சிறிதளவு இடைவெளியை உண்டாக்கினாலும் அச்சம் பிறக்கும் என்பது தைத்திரீயத்தின் கூற்று. பிருகதாரண்யகத்தில் யாக்ஞவல்கிய முனிவர் சனக மன்னனிடம், நீ அஞ்சாமையை அடைந்துவிட்டாய் என்று சொல்வதே அவர் உபதேசத்தின் உச்சமாக அமைகிறது.

பதஞ்சலியோ காண்பவனையும் காணப்படுவதையும் பிரித்தறிவதையே விடுதலை என்கிறார். அங்கு அச்சம் நீங்குவது, அழியக்கூடியது எதுவும் தான் அன்று என்னும் தெளிவால். ஒன்று எல்லாவற்றையும் தானாகக் காணச் சொல்கிறது, மற்றொன்று எதையும் தானாகக் கொள்ளாதே என்கிறது. பிற்கால ஆசிரியர்கள் பலர் இரண்டையும் இணைத்துப் பேசினாலும், தர்க்க நோக்கில் இவை எளிதில் இணைபவை அல்ல. பயிற்சியில் மட்டும் ஒரு பொது இடம் உண்டு: இரு வழிகளிலும், அச்சுறுத்தப்படும் அந்த எல்லைக்குட்பட்ட தன்னுருவே கேள்விக்கு உள்ளாக்கப்படுகிறது.

அச்சத்தை விலக்காமல் எதிர்நின்று நோக்கும் முறைக்குப் பௌத்த பாலி நூல்களில் தெளிவான சான்று உண்டு. மச்சிம நிகாயத்தின் நான்காம் சூத்திரமான பயபேரவ சுத்தத்தில், ஞானம் பெறுவதற்கு முன் அச்சம் விளைவிக்கும் காடுகளில் இரவில் தங்கிய புத்தர், நடக்கும்போது அச்சம் வந்தால் நடந்தபடியே, அமர்ந்திருக்கும்போது வந்தால் அமர்ந்தபடியே, அந்நிலையை மாற்றாமல் அச்சம் அடங்கும் வரை இருந்ததாகக் கூறுகிறார். இன்றைய உளவியல் சிகிச்சையில், அஞ்சும் பொருளிலிருந்து தப்பி ஓடாமல் அதன் முன் தங்கப் பழக்கும் முறையோடு இது மிக நெருங்கியது.

தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஓர் எடுத்துக்காட்டு உபநிடத, யோக மரபுகள் இரண்டையும் ஒருங்கே ஒளிரச் செய்கிறது. 1896 ஜூலையில், மதுரையில் தம் சிற்றப்பாவின் வீட்டு மாடியில் தனித்திருந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவரை, உடல்நலக் குறைவு ஏதுமின்றியே திடீரென்று சாவின் அச்சம் பற்றியது. மருத்துவரையோ உறவினரையோ நாடாமல், சாவு வந்துவிட்டதாகவே கொண்டு, பிணம்போல் கை கால்களை நீட்டிப் படுத்து, இந்த உடல் இறந்தால் தானும் இறப்பதா என்று அவர் உள்நோக்கி ஆராய்ந்தார். சில வாரங்களில் வீட்டைவிட்டு வெளியேறி அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்த அவரே பின்னர் ரமண மகரிஷி என்று அறியப்பட்டார். அத்வைத நூல்களைப் படித்து அவர் இவ்விசாரணைக்கு வரவில்லை என்பதும், பின்னர் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு அளித்த விடைகளிலிருந்தே ‘நான் யார்’ என்னும் சிறுநூல் உருவாயிற்று என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கவை. அபிநிவேசத்தின் கடைசி வேர் வரை ஒரு விசாரணை செல்லக்கூடும் என்பதற்கு இது சான்று. எனினும் இதைப் பின்பற்றத்தக்க ஒரு செய்முறையாக எல்லோருக்கும் வழங்குவது பொருந்தாது. பீதி நோயால் துன்புறுபவரைத் தனியே படுத்துச் சாவை எண்ணச் சொல்வது அவருக்குத் தீங்காக முடியலாம்.

இன்றைய பயிற்சியும் மருத்துவச் சான்றுகளும்

யாருக்கு எது பொருந்தும் என்னும் இக்கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் மிகுந்த பொறுப்போடு எடுத்துக்கொண்டவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888-இல் பிறந்து மைசூரில் புகழ்பெற்றுப் பின்னர் சென்னையில் வாழ்ந்த அவர், பயிற்சி மாணவருக்கேற்ப அமைய வேண்டுமே தவிர, மாணவர் பயிற்சிக்கேற்ப வளைக்கப்படக் கூடாது என்பதைத் தம் கொள்கையாகக் கொண்டார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்னும் கற்பித்தல் முறையைத் தொடர்கிறது. தயக்கமுள்ளவருக்கு அவர் இன்றே செய்யக்கூடிய அசைவையும் மூச்சையும் கொடுத்து, அது கைகூடிய பின் அடுத்ததற்குச் செல்லும் இம்முறை, வியாசரின் 35-ஆம் சூத்திர உரையை நடைமுறைக்குக் கொண்டுவந்ததுபோல் அமைந்துள்ளது.

மருத்துவ ஆய்வுகளின் சான்று நம்பிக்கையூட்டுவது, ஆனால் அளவானது. பொதுமைப்பட்ட பதற்ற நோயுள்ள 226 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் குண்டலினி யோகப் பயிற்சி பெற்றவர்களில் 54.2 விழுக்காட்டினர் நன்கு தேறினர். எண்ண-நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் அது 70.8 விழுக்காடு, மன அழுத்தம் பற்றிய கல்வி மட்டும் பெற்றவர்களில் 33 விழுக்காடு. ஆறு மாதத்துக்குப் பின் நோக்கியபோது, யோகத்தின் நன்மை கல்விக் குழுவைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கவில்லை. மற்ற மருத்துவத்துக்கு எளிதில் கட்டுப்படாத பேரதிர்ச்சிப் பின்விளைவு நோயுள்ள 64 பெண்களிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வில், யோகக் குழுவின் 31 பேரில் 16 பேர் நோய்க்கான அளவுகோலைத் தாண்டி வெளிவந்தனர். ஒப்பீட்டுக் குழுவின் 29 பேரில் 6 பேரே அவ்வாறு தேறினர். யோகம் பயன் தருகிறது என்பதையும், கடுமையான நோயில் அது மருத்துவத்துக்கு மாற்று அன்று என்பதையும் இந்த எண்கள் ஒருசேரக் காட்டுகின்றன.

இவ்வாய்வுகள் அளப்பவை பருநிலை அறிகுறிகளை மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும். உறக்கம், படபடப்பு, கவலையின் அடர்த்தி ஆகியவை வினாப்பட்டியலில் அடங்கும். தன்னைப் பற்றிய தீர்ப்போடு ஒருவர் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை, அதாவது அஸ்மிதையின் இறுக்கத்தை, அந்தப் பட்டியல்கள் கேட்பதில்லை. நெடுங்காலம் இடைவிடாமல் என்று நூல் விதிக்கும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரங்களில் சோதிப்பதும் பதஞ்சலி கூறியதைச் சோதிப்பதாகாது.

தீவிரத் தியானத்தின் நடுவே அச்சமே எழக்கூடும் என்பதும் பண்டை நூல்கள் அறிந்த செய்தி. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் புத்தகோசர் தொகுத்த விசுத்திமார்க்கம், உள்நோக்குப் பயிற்சியின் படிநிலைகளுள் ஒன்றாக, தோன்றி மறையும் அனைத்தும் அச்சம் தருவனவாகத் தெரியும் நிலையைக் கூறுகிறது. மேலைநாட்டுத் தியானப் பயிற்சியாளர்களிடையே அண்மையில் நடந்த விரிவான நேர்காணல் ஆய்வும் அச்சத்தையும் பதற்றத்தையும் மிகுதியாகப் பதிவுசெய்துள்ளது. அந்நிலையில் இருப்பவர் பயிற்சியைத் தொடர வேண்டுமா, குறைக்க வேண்டுமா, மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டுமா என்பதை அவர் தனித்து முடிவு செய்வது அரிது. பயிற்சி முகாமில் சேர்பவர்களிடம் அவர்களுடைய மனநல வரலாற்றை முன்கூட்டியே கேட்டறிவதும், அச்சம் எழுந்தால் யாரை அணுகுவது என்பதைத் தொடக்க நாளிலேயே தெரிவிப்பதும் கற்பிப்போரின் கடமை.